சேகோ ஆலைக் கழிவைக் காசாக்குவது எப்படி

சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தாலே "அதெல்லாம் செலவு பிடிக்கிற வேலைங்க" என்று சொல்கிற சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்களிடம் நான் முதலில் ஒரு கண்ணாடி டம்ளரை எடுக்கச் சொல்வேன். மாவு படியும் தொட்டியிலிருந்து வெளியே போகிற தண்ணீரை அதில் பிடித்து, அசைக்காமல் அரை மணி நேரம் வையுங்கள். அடியில் வெள்ளையாக ஒரு படிவு உட்காரும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நைசாக இருக்கும். அது அழுக்கு இல்லை, மாவு. பாயிண்ட் (கிழங்கில் மாவு எவ்வளவு என்ற அளவு) பார்த்து, பேரம் பேசி, லாரி வாடகை கொடுத்து, இறக்குக்கூலி கொடுத்து, கரண்ட் செலவழித்து அரைத்த கிழங்கின் மாவு. அதை நாமே வாய்க்காலில் விடுகிறோம். அது அழுகி நாறும்போது ஊர்க்காரர்களிடம் பேச்சும் வாங்குகிறோம்.

நான் ஆத்தூர்ப் பக்கம் ஒரு நடுத்தரமான சேகோ ஆலையின் கணக்கையும் நிர்வாகத்தையும் பார்க்கிறேன். மாமனார் காலத்து ஆலை. இந்தத் தொழில் சேலத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போது; வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனதும் 1943 வாக்கில் குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து, இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இவ்வளவு பெயர் வாங்கிய தொழில், வசிஷ்ட நதியையும் சுற்றுப்பட்டு ஏரிகளையும் கெடுக்கிறது என்ற பழியையும் கூடவே சுமப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பழியைத் துடைக்கிற வேலையும் ஆலைக்கு லாபம் தருகிற வேலையும் பெரும்பாலும் ஒன்றுதான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பணம் மிஞ்சுவதும் முடங்குவதும் இருக்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அளவு எடுங்கள்

போர்வெல் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர், வெளியே போகிற இடத்தில் ஒரு மீட்டர். இந்த இரண்டையும் மாட்டாமல் எந்த முதலீட்டையும் யோசிக்கவே வேண்டாம். தினமும் எத்தனை டன் கிழங்கு அரைத்தோம், எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தோம், எத்தனை யூனிட் கரண்ட் ஓடியது, எத்தனை கிலோ விறகு எரிந்தது, எத்தனை மூட்டை சரக்கு இறங்கியது என்று ஒரே நோட்டில், ஒரே வரியில் எழுத வேண்டும். கிழங்கு டன்னால் மற்ற எல்லாவற்றையும் வகுத்துப் பாருங்கள். ஒரு டன்னுக்கு இவ்வளவு தண்ணீர், ஒரு டன்னுக்கு இவ்வளவு விறகு என்று வந்துவிடும். இரண்டு வாரத்து நோட்டைப் புரட்டினாலே எந்த நாள் எகிறியது, அன்றைக்கு ஷிப்டில் என்ன நடந்தது என்று பிடிபடும்.

அடுத்து திப்பியை, அதாவது மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற கிழங்குச் சக்கையை, கையில் எடுங்கள். சல்லடையிலிருந்து விழுகிற ஈரத் திப்பியை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் வெள்ளைப் பால் வழிந்தால் சல்லடையில் கழுவல் போதவில்லை என்று அர்த்தம். பிழிந்ததை உள்ளங்கையில் தேய்க்கும்போது சிறு சிறு கட்டியாகத் தட்டுப்பட்டால் அரவை உருளையின் பல் மழுங்கிவிட்டது; கிழங்கு சரியாகக் கிழியாமல், மாவு உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வருகிறது. திப்பியில் மாவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ந்த திப்பியின் எடையில் பாதி அளவுக்கு மாவுதான். அதை முழுசாக எடுக்க முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் பல் மாற்றுகிற நாளைத் தள்ளிப் போடுவதால் போவது, பல்லின் விலையைவிடப் பல மடங்கு.

செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட வெளியே கொட்டமாட்டார்கள். அதிலிருக்கிற வெள்ளித் துகளைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். நம் வாய்க்காலையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

தண்ணீரை ஒரு முறைக்கு மேல் ஓட விடுங்கள்

கிழங்கில் மண்ணைக் கழுவுகிற முதல் கழுவலுக்குப் புதுத் தண்ணீர் தேவையே இல்லை. மாவு படிந்த பிறகு தொட்டியின் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை அங்கே திருப்பி விடலாம். கடைசி அலசலுக்கு மட்டும் போர்வெல் தண்ணீர். ஒரு சின்ன பம்பும் கொஞ்சம் பி.வி.சி. குழாயும்தான் இதற்கு வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அந்தத் தெளிவுத் தண்ணீர் சில மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பிக்கும். அன்றைய தண்ணீரை அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். ராத்திரி தங்கவைத்து மறுநாள் எடுத்தால் கிழங்கிலேயே புளிப்பு ஏறிவிடும்.

மண் கழுவிய தண்ணீரையும் மாவுத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் கலக்காதீர்கள். பின்னால் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிற தொட்டி கட்டும்போது மணல் போய் அடியில் படிந்து, கொள்ளளவைத் தின்றுவிடும். மண் தண்ணீருக்குத் தனிக் குழி, அதன் வண்டல் தோட்டத்துக்கு. இதை ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள்.

கூரை மழையையும் விட வேண்டாம். சேலத்துக்கு வருடத்தில் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், 1,000 சதுர மீட்டர் ஷெட்டில் ஒன்பது லட்சம் லிட்டர் விழுகிறது. வீணாவது போக ஏழு லட்சமாவது போர்வெல் பக்கத்துக் குழியில் இறங்கும். நம் பகுதியில் கோடையில் போர்வெல் எத்தனை அடிக்குப் போகிறது என்று ஆலைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளுக்கிற ரசாயனத்தை நிறுத்துங்கள்

மாவை வெள்ளையாகக் காட்டுவதற்காகத் தொட்டியில் அமிலமும் பிளீச்சும் கலக்கிற பழக்கம் நம் தொழிலைப் பிடித்த நோய். சாப்பிடுகிறவர் உடம்புக்குக் கேடு, உணவுப் பாதுகாப்புத் துறை சாம்பிள் எடுத்தால் சரக்கு மொத்தமும் முடக்கம். இதெல்லாம் தெரிந்த விஷயம். தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. கழிவுநீரிலிருந்து வாயு எடுப்பது நுண்ணுயிரிகளின் வேலை. பிளீச் அந்தத் தொட்டிக்குள் போனால் அவை சாகும். கந்தக அமிலம் உள்ளே போனால், அதிலுள்ள கந்தகம் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அந்த வாயு. அது எஞ்சினின் உலோகத்தை அரிக்கும், ஆளையும் கொல்லும். ஆகையால் ரசாயனத்தை விட்டவர்களுக்குத்தான் எரிவாயு சரியாக அமையும்.

வெள்ளைக்கு வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கிழங்கு தோட்டத்தில் பிடுங்கிய ஒரு நாளுக்குள் அரைபட வேண்டும். தோல் சுத்தமாக உரிய வேண்டும். தொட்டிகளைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். மஹாராஷ்டிராவிலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் விரத நாளில் சாப்பிடுவதற்காகத்தான் நம் ஜவ்வரிசியை அதிகமாக வாங்குகிறார்கள். விரதத்துக்கு வாங்குகிறவர்களுக்குப் பிளீச் கலந்ததை அனுப்ப எனக்கு மனசு வராது. ரசாயனம் இல்லை என்று லேப் ரிப்போர்ட்டோடு கொடுத்தால் அதற்கென்றே வாங்குகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். புவிசார் குறியீடு வந்த பிறகு இந்தப் பேச்சுக்கு இன்னும் மதிப்புக் கூடியிருக்கிறது.

எரிவாயு: கணக்குப் போடுகிற முறை

இங்கேதான் பெரிய பணம் இருக்கிறது, பெரிய முதலீடும் இருக்கிறது. விற்க வருகிறவர் சொல்கிற கணக்கை அப்படியே வாங்காமல் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று வெவ்வேறு நாளில் கழிவுநீரை எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேபில் சி.ஓ.டி. பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் செரிக்கத்தக்க சரக்கு எவ்வளவு என்று அது காட்டும்.

உதாரணத்துக்கு, ஒரு ஆலை தினமும் ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுகிறது, சி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைப்போம். அன்றைய தண்ணீரில் 500 கிலோ சரக்கு இருக்கிறது. தொட்டி அதில் 80 சதவீதத்தைச் செரித்தால் 400 கிலோ. ஒரு கிலோவுக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது பாடப்புத்தக அளவு. ஆக 140 கன மீட்டர். வெளியே வருகிற வாயுவில் மீத்தேன் 60 சதவீதம் போல இருக்கும் என்பதால் மொத்த வாயு 230 கன மீட்டர் வர வேண்டும். தண்ணீரில் கரைந்தும் கசிந்தும் போவதைக் கழித்து 180 என்று எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் குறைத்தே போடுங்கள்.

அந்த 180 கன மீட்டரை அடுப்பில் எரித்தால் சுமார் 600 கிலோ விறகு மிச்சம். சிலிண்டர் கணக்கில் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் நான்கு. அதையே எஞ்சினில் விட்டுக் கரண்ட் எடுத்தால், கன மீட்டருக்கு 1.5 யூனிட் வீதம் 270 யூனிட். உங்கள் ஊர் விறகு விலையையும் உங்கள் பில்லில் இருக்கிற யூனிட் ரேட்டையும் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

என் அபிப்பிராயம், முதல் சீசனில் அடுப்புக்குக் கொடுங்கள். ஜவ்வரிசி வறுக்கிற தட்டுக்கு அடியில் விறகுக்குப் பதில் கேஸ் பர்னர். சின்ன எஞ்சின்கள் வாயுவின் சக்தியில் கால் பங்கைத்தான் கரண்டாக்கும், மீதி சூடாகப் போய்விடும். அடுப்பில் அப்படி வீணாவது குறைவு, பராமரிப்பும் எளிது. வறுக்கிற பெண்களுக்குப் புகை இல்லை என்பதை இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். விறகடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவர்களின் கண்ணைப் பார்த்தவர்கள் யாரும் திரும்ப விறகுக்குப் போகமாட்டார்கள். தீயும் ஒரே சீராக எரிவதால் கருகல் குறைகிறது, சரக்கின் நிறம் ஒன்றுபோல வருகிறது.

அடுப்புக்குப் போக வாயு மிஞ்சினால் எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் கட்டணம் கூடுதல். பகலில் வாயுவைப் பலூனில் சேர்த்து அந்த நேரத்தில் மட்டும் எஞ்சினை ஓட்டினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதிகப் பலன். எஞ்சினுக்குப் போகும் முன் வாயுவைத் துருப்பிடித்த இரும்புச் சுருள் நிரப்பிய டிரம்முக்குள் விட்டு எடுக்க வேண்டும். துரு, ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும். சுருள் எந்த லேத் பட்டறையிலும் கிடைக்கும். அது கறுத்துப் போனால் மாற்ற வேண்டும்.

தொட்டியை ஓட்டுவது

கழிவுநீர் புளிப்பானது; புளிப்பைக் காட்டுகிற பி.எச். அளவு 4, 5 என்று இருக்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). மீத்தேன் தருகிற நுண்ணுயிரிகளுக்கு 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சுண்ணாம்புப் பால் கலந்து சரிசெய்யலாம். செரித்து வெளியே வருகிற தண்ணீரில் ஒரு பகுதியை உள்ளே வருகிற தண்ணீரோடு கலந்து திருப்பி விட்டால் சுண்ணாம்புச் செலவு பாதியாகக்கூடக் குறையும். தொடங்கும்போது சாணக் கரைசல் அல்லது ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பிளான்ட்டின் சேறு போட்டு, கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். முழு அளவு ஏற வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும். அவசரப்பட்டு முதல் நாளே முழு லோடு விட்டால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும். நம் வெயில் இந்த வேலைக்குத் தோதானது. 30 முதல் 37 டிகிரி சூடு இருந்தால் நன்றாகச் செரிக்கும். குளிர் தேசத்தில் தொட்டியைச் சூடாக்கவே செலவழிக்கிறார்கள்.

கிழங்கு வரத்து நிற்கிற மாதங்களில் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். சேறு காய்ந்துபோகாமலும் உள்ளே காற்றுப் புகாமலும் பார்த்துக்கொண்டால் நுண்ணுயிரிகள் மாதக்கணக்கில் தாங்கும். அவ்வப்போது கொஞ்சம் திப்பிக் கரைசல் விட்டால் இன்னும் நல்லது.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள், குழிக்குள் ஆளை இறக்காதீர்கள். திறந்த கழிவுக் குழியானாலும் சரி, மூடிய தொட்டியானாலும் சரி. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் ஏறி வரமாட்டார், காப்பாற்ற இறங்குகிறவரும் வரமாட்டார். அடைப்பு எடுக்க, சேறு எடுக்க பம்பும் வெளியிலிருந்து இயங்கும் கருவியும் மட்டுமே. கட்டும்போதே அதற்கான குழாய் வழியை வைத்துவிடச் சொல்லுங்கள். தொட்டியைச் சுற்றி வேலி, பூட்டு, "பீடி, தீப்பெட்டி கூடாது" என்ற பலகை, கையில் வாயுக் கண்டறியும் கருவி, இவை எல்லாம் பிளான்ட்டின் விலையில் சேர்ந்தவை.

திறந்த குழியில் அழுகினாலும் இதே மீத்தேன்தான் வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட அது பூமியை ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். மூடி எரித்தால் அந்தப் பாவமும் குறைகிறது.

செரித்த தண்ணீர் எங்கே போக வேண்டும்

மூடிய தொட்டிக்கு மாறிய பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருநாள் வேலியோரம் நின்று, "ஏங்கண்ணு, இந்த வருசம் மில்லு ஓடலியா? வாசமே காணமே" என்றார். "ஓடுதுங்க மாமா. தண்ணி இப்ப மூடுன தொட்டிக்குப் போயிட்டு வருதுங்க" என்றேன். "அப்படின்னா அதுல கொஞ்சம் எம் புல்லுக் காட்டுக்கும் விடேன்" என்றார். முந்தைய வருடங்களில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று சண்டைக்கு வந்தவர் அவர்.

கேட்டவுடன் விட்டுவிடக் கூடாது. வாயு எடுத்த தண்ணீர் பாதிச் சுத்தம்தான். காற்று ஏற்றுகிற தொட்டி, படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி என்று இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. நிலத்துக்குப் பாய்ச்ச வேண்டுமானால் பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள மக்கும் கழிவைச் செரிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்ற அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆற்றில், ஓடையில் விட வேண்டுமானால் 30-க்குள். பி.எச். 5.5-க்கும் 9-க்கும் இடையில். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் உங்கள் ஆலைக்கு எழுதியிருக்கிற நிபந்தனையே இறுதியானது. அதை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். ரிப்போர்ட் சரியாக வந்த பிறகு எங்கள் தென்னைக்கும் நேப்பியர் புல்லுக்கும் விட்டுப் பார்த்து, அப்புறம்தான் அவருக்கு விட்டோம். பச்சைக் கழிவுநீரை மாடு குடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழங்கின் சயனைடு அதில் இருக்கும். தோலில் இன்னும் அதிகம். தோலை மட்க வைத்து எருவாக்குவதே பத்திரம். திப்பியை நன்றாகக் காயவைத்தால் மாட்டுத் தீவனக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துப் போவார்கள்.

மற்றவை, சுருக்கமாக

மோட்டார்: திரும்பத் திரும்பச் சுருள் கட்டிய பழைய மோட்டார் அதிகக் கரண்ட் தின்னும். எரிந்துபோகிற மோட்டாரை இனிமேல் கட்டாமல், கரண்ட் குறைவாகத் தின்கிற ஐ.இ.3 ரகமாக மாற்றுங்கள். கெப்பாசிட்டர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சீசன் தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

சோலார்: ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் போலத் தரும். ஜவ்வரிசி காய்வதற்கும் பேனலுக்கும் ஒரே வெயில்தான் வேண்டும் என்பதால் களத்தில் நிழல் விழாத இடமாகப் பாருங்கள்.

சான்று: சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ஜெட் (ZED: சரக்கில் குறையும் சுற்றுச்சூழல் கேடும் இல்லாத உற்பத்தி) சான்றுக்கு ஆகும் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் சலுகை உண்டு. முதல் படியில் சொன்ன நோட்டு இருந்தால் அதற்கான பாதி வேலை முடிந்த மாதிரி.

சேகோ ஆலை இல்லாதவர்களுக்கும் வழிமுறை மாறாது. ஏற்காட்டில் காபிப் பழத்தை உரித்துக் கழுவுகிற தண்ணீரும் இதே மாதிரி சர்க்கரையும் புளிப்புமானது. தோலை மட்க வைத்தால் செடிக்கே திரும்பப் போகிறது. மெஸ் நடத்துகிறவர்களுக்குச் சோற்றுக் கழிவும் காய்கறிக் கழிவும் இருக்கின்றன.

கடைசியாக, நேரம். கட்டுமானத்தைச் சித்திரை, வைகாசியில் தொடங்குங்கள். புரட்டாசியில் கிழங்கு லோடு வர ஆரம்பிப்பதற்குள் தொட்டி நீர்க்கசிவுப் பரிசோதனை முடிந்து, சேறு போட்டுத் தயாராக இருக்க வேண்டும். விலை பேசும் முன், அந்த ஒப்பந்தக்காரர் கட்டி இரண்டு சீசன் ஓடிய ஒரு பிளான்ட்டுக்கு அவர் இல்லாமல் போய், அங்கே தினமும் வால்வைத் திருப்புகிற ஆளிடம் பேசுங்கள். முதலாளியைவிட அவருக்குத்தான் உண்மை தெரியும். வாயு மீட்டர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணம், முழு லோடு ஓடுகிற தை மாசத்தில் அந்த மீட்டர் அவர் சொன்ன அளவைக் காட்டிய பிறகு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.